அழுக்கில்லாத கோட்டு

இருபத்து நான்கு கோடி டாலர் என்று
டிராலிபஸ் முதுகில் ஒட்டிய விளம்பரமே பீற்றிக்கொண்டது.
கிதினியாவில், துறைமுகத்துக்குப் பின்னால்,
மீன் ஐஸ் கிடங்கை இடித்துக் கட்டிய தியேட்டர்.
பிப்ரவரி. பூட்ஸில் ஒட்டிய பனி உருகி
வரிசைதோறும் சின்னச் சின்னக் குளங்கள்.
வித்தோல்த் பாப்கார்ன் வாங்கினான்.
நான் வாங்கவில்லை.
பத்தொன்பது வருஷம் காத்திருந்தவன்
எதையாவது மென்றுகொண்டு உட்காரக் கூடாது.

நாவலில் மிரென் என்றொரு கோள்.
காற்று இல்லை, அதனால் ஓசை இல்லை.
இல்வா தனியாக இறங்குவாள்.
அவளுடைய முதல் அடிக்கே
ஏழு பக்கம் எடுத்துக்கொள்வார் எழுதியவர்.
ஏழு பக்கத்திலும் ஒன்றுமே நடக்காது.
கப்பல் பட்டறையில், நைட் ஷிஃப்டில்,
கிரைண்டரை அணைத்துவிட்டுத் தேநீர் ஆறுவதற்குள்
அதை எத்தனை முறை படித்தேனோ,
ஓரமெல்லாம் என் கட்டைவிரல் கிரீஸ்.
என் காதுகளைப் பட்டறை
கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.
மிரென் அதற்கும் முன்பே அமைதியாக இருந்த இடம்.

படத்தில் அவள் இறங்கும்போது டிரம் அடித்தார்கள்.
நூறு டிரம் இருக்கும்.
பாறை வெடித்தது. ஏன் வெடித்தது என்று
பாறைக்கே தெரிந்திருக்காது.
நாவலில் இல்லாத ஒரு ரோபோ நாய்
நாவலில் இல்லாத ஒரு விமானியிடம்
ஜோக் அடித்தது.
தியேட்டர் சிரித்தது. வித்தோல்தும் சிரித்தான்.
அவன்மேல் தப்பில்லை, ஜோக் நல்ல ஜோக்.

நாற்பத்து மூன்றாவது நிமிடம்
காதுக்குப் பின்னால் விரலை விட்டு
கருவிகள் இரண்டையும் அணைத்தேன்.
திரையின் அடியில் ஓடிய போலிஷ் வரிகளை
நீட்டிய உள்ளங்கையால் மறைத்தேன்.

வந்தது மிரென்.

சாம்பலும் ஊதாவுமாய் ஒரு சமவெளி.
அவள் உதைத்த தூசி
மிதக்கவில்லை, சுழலவில்லை,
ஒரே வளைவாய் எழுந்து விழுந்தது.
காற்றில்லாத ஊரில் தூசி அப்படித்தான் விழும்.
பெயர்ப்பட்டியலின் கடைசியில்
எறும்பு எழுத்தில் ஓடப்போகிற யாரோ ஒருவர்
அந்த ஏழு பக்கத்தைப் படித்திருக்கிறார்.
அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.
இருபது நிமிடம் நீடித்திருக்கும்.

பிறகு விமானி அவளை முத்தமிட்டான்.
காதை அணைத்தாலும் முத்தம் தெரியும்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யாரும் வர மாட்டார்கள்.
அவள் செய்தி அனுப்புவாள்.
வெகுதூரத்திலிருந்து ஓர் இயந்திரம் கேட்கும்,
அங்கே குளிரா என்று.
அவ்வளவுதான் முடிவு.
இங்கே மீட்புக் கப்பல்கள் வந்து குவிந்தன,
சம்பள நாளில் கணக்கர் ஜன்னலுக்கு
நாங்கள் வருகிற மாதிரி.

வெளியே வித்தோல்தின் வாய் அசைந்தது.
நல்லாத்தானே இருந்தது, என்றிருப்பான்.
எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி
தலையாட்டினேன்.
டிராலிபஸ் கம்பியில் பொறி பறந்தது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான்.
வீட்டில் புத்தகத்தைத் திறந்தால்
ஏழு பக்கத்திலும் அந்த நடிகை நடக்கிறாள்.
வெள்ளைப் பல்வரிசை. ஷாம்பூ விளம்பர நடை.
பத்தொன்பது வருஷமாக இல்வாவுக்கு வேறு முகம்:
ஸ்வியென்தோயான்ஸ்கா தெருச் சலவைக்கடையில்
ரசீது கிழிக்கும் பெலாகியாவின் முகம்.
இடது புருவத்தில் வெட்டு.
எதையும் இரண்டு முறை எண்ணுகிறவள்.
எத்தனை முறை மிரெனில் இறங்கினாள் என்று
அவளுக்கே தெரியாது.
விளக்கை அணைத்துக் கண்ணை மூடிப் பார்த்தேன்.
புருவம் வந்தது. மற்றது வரவில்லை.

காலையில் கோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.
போன வாரம்தான் வெளுத்த கோட்டு.
அவள் புரட்டிப் பார்த்தாள்,
விளக்குக்கு நேரே பிடித்தாள்,
இதில் எங்கே கறை என்றாள்.
நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.
எனக்குப் பின்னால் நாலு பேர்.
காதுக் கருவி வேலை செய்யவில்லை என்று நினைத்து
இன்னொரு முறை, சத்தமாகக் கேட்டாள்.
கேட்டது. முதல் முறையே கேட்டது.
அவள் பெருமூச்சு விட்டு
பொத்தான்களை எண்ணத் தொடங்கினாள்.
ஐந்து.
மறுபடி, விரல் வைத்து,
ஐந்து.