இலக்கம் இருபத்திமூன்று

துண்டை மான் தின்றுவிட்டது என்றார் அந்த மனிதர்.
வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
எங்கள் மதிலோரம் நிற்கும் மான்களுக்கு
வாழைப்பழத்தோல், பழைய கிளினிக் கொப்பி,
ஒருமுறை டொக்டர் நிலூஷாவின் குடை உறை,
எல்லாம் ஒன்றுதான்.
இன்னொரு துண்டு எழுதினேன்: 23.
ஹம்னா. வயது ஆறு. கிண்ணியா.
பாலம் தாண்டி முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.
வாப்பாவின் சாரத்தில் இன்னும் உப்பு.

சிறுவர் பல் கிளினிக்கில் என் வேலை
அதிகமும் பெயர் மாற்றுவது.
துளைப்பானுக்கு வண்டு என்று பெயர்.
எச்சில் இழுக்கும் குழாய், தாகமெடுத்த யானைக்குட்டி.
தலைக்கு மேலே எரிவது மத்தியானச் சந்திரன்.
விறைப்பூசிக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை.
அதைப் பிள்ளையின் நாடிக்குக் கீழால்
டொக்டரின் கைக்குக் கடத்துவேன்,
சுங்கத்தில் ஒருநாளும் பிடிபடாதவள்.
அதற்குமுன் முரசில் தடவும் களிம்புக்கு
ஸ்ட்ரோபெரி மணமாம், போத்தலில் படம் இருக்கிறது.
இந்த வரிசையில் அதைத் தின்ற பிள்ளை ஒன்றுமில்லை.
மிட்டாய் என்போம். நம்புவார்கள்.

தம்பலகாமத்துப் பிள்ளைக்கு ஆ காட்டுங்கோ,
சேருநுவரப் பிள்ளைக்கு கட்ட அரின்ன.
பயந்த பிள்ளை
இரண்டு மொழியிலும் வாயை மூடிக்கொள்ளும்.
என் இடக்கைப் பெருவிரலில்
எட்டுச் சின்னப் பற்களின் அடையாளம்,
போன வருசம், நிலாவெளிக்காரன் ஒருவன்.
நல்ல வரிசைப் பல் என்று
டொக்டர் மெச்சினார்.

ஹம்னா கடிக்கவில்லை. அழவுமில்லை.
கண்ணை என் முகமூடிக்கு மேலேயே வைத்திருந்தாள்,
அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.
கீழ்க்கடைவாயில் கறுத்த பாற்பல்,
பாதி கரைந்து, உள்ளே குழி.
டொக்டர் குறட்டை வைத்து
ஒருதரம் அசைத்தார், இரண்டாம் தரம்
சின்னதாய் ஒரு முறிவுச் சத்தம்,
அதற்குப் பின்னால்
பெரிதாய் ஒரு சத்தம்.

வாப்பா விழுந்து கிடந்தார்.

விடிய விடிய சூரைமீனின் தாடையிலிருந்து
தூண்டில் முள் கழற்றுகிற கை,
விரலெல்லாம் வெட்டுக்காயத் தழும்பு,
தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில்
மல்லாந்து கிடந்தது.
எனக்கு இருப்பது இரண்டு கை.
ஒன்றில் யானைக்குட்டி,
மற்றதில் ஹம்னாவின் தாடை.
காலால்தான் கதிரையைத் தள்ளி
அவர் தலைக்கு இடம் செய்தேன்.
படிவத்தில் இதற்கெல்லாம் பெட்டி இல்லை.

பஞ்சைக் கடித்தபடி அவள் எட்டிப் பார்த்தாள்,
வாப்பாவை, பிறகு தட்டில் கிடந்த பல்லை.
பஞ்சுக்குள்ளால் கேட்டாள்:
மிஸ், கறுத்த பல்ல அணில் எடுக்குமா?
பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்,
கூரையில் எறிந்தால் அணில் வந்து எடுத்து
வெள்ளைப் பல் தருமென்று.
ஆனால் அவளுடையது வெள்ளை.

பதினொரு வருசமாய் எல்லாவற்றுக்கும்
பெயர் வைக்கத் தெரிந்த எனக்கு
வாயில் ஒன்றும் வரவில்லை.
டொக்டர் கையுறையைப் பார்த்தார்.

தரையிலிருந்துதான் பதில் வந்தது,
கண் இன்னும் திறக்காமல்:
மான் கடதாசி தின்னுற ஊரு மகள்.
அணில் எடுக்கும்.

பிடுங்கிய பல் மஞ்சள் பைக்குள் போகவேண்டும்,
அது சட்டம். கழுவி, கோஸ் துணியில் சுற்றி,
புதுத் துண்டோடு சேர்த்து
அவள் கவுன் பைக்குள் வைத்தேன்.
மானுக்குக் காட்டாதே என்றேன்.

நாலு மணிக்குக் குறடுகளை அவித்து எடுக்கையில்
என் வலப்பக்கக் கடைவாய் மறுபடி விண்விண்ணென்றது.
மூன்று மாதமாய் இடப்பக்கத்தால்தான் சாப்பாடு.
நாளைக்குப் பார்ப்போம் என்கிறார் டொக்டர்,
நாளைக்கு என்கிறேன் நானும்.
குழாய்க்குத் தண்ணீர் காட்டினேன்.
ஒரு கோப்பை முழுதும் குடித்தது,
இன்னும் தாகம் அதற்கு.