பார்சலா, உக்காந்தா?

இரவு எட்டு மணிக்கு மேல்
தங்கச்சிமடத்தில் என்ன நடக்கிறதென்று
முப்பத்தொரு வருடம் எனக்குத் தெரியாது.
சத்தமாகத் தெரியும்:
கல்லில் தாளம் போடும் இரட்டைக் கரண்டி,
ராமேஸ்வரம் போகும் கடைசி பஸ்ஸின் ஹாரன்,
யாரோ யாரையோ அடிக்காமல் திட்டுவது.
வாசனையாகத் தெரியும்:
சால்னா, டீசல், காயாத வலை.

சூசை மரியான் கடைக்கு மூன்று படி.
மூன்றுதான்.
எண்ணத் தேவையில்லாதவர்களுக்கு
அது படியே இல்லை.
என் மூன்று சக்கர வண்டி ரோட்டோரம் நிற்கும்.
தம்பி ஏறிப்போய் எட்டு பரோட்டா என்பான்.
உள்ளிருந்து குரல் வரும்:
"பார்சலா, உக்காந்தா?"
பார்சல்.
எப்போதும் பார்சல்.
வாழையிலையில் மடித்த இரவு
வீடு வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும்.

மோனிஷாவுக்குக் காலில் ஒன்றுமில்லை.
ஏறிவிடுவாள்.
அவள் ஏறியதும் எல்லா மேசையும் நிரம்பிவிடும்,
காலியாகக் கிடந்தவை உட்பட.
"இடமில்லைம்மா" என்பார்கள்.
அந்த 'ம்மா'வைச் சொல்வதற்கு முன்
ஒரு கணம் யோசிப்பார்கள்.
அவளும் பார்சல்தான்.
அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம்,
ரோட்டோரத்தில்,
கையில் ஆளுக்கொரு பொட்டலத்தோடு.

தடைக்காலம் முடிந்த முதல் வாரம்.
விசைப்படகில் ஏறப் போடும் பலகையொன்றைக்
கரையிலிருந்து இழுத்து வந்து
படிமேல் சாத்தினாள் மோனிஷா.
யாரிடமும் கேட்கவில்லை.
ஒன்பதடி. தார் வாடை.
இரண்டு பேர் தள்ளினார்கள், ஒருவர் வைதார்,
வண்டி ஒருமுறை பின்னாலேயே உருண்டு வந்தது.
மரியான் கல்லை விட்டு இறங்கி வந்தார்.
போச்சு என்று நினைத்தேன்.
குனிந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு
"ஆணி துருத்திக்கிட்டு நிக்கிது, டயர் போயிரும்"
என்று சுத்தியல் கேட்டார்.

ட்யூப் லைட்டுக்கு நேர் கீழ் மேசையில்
பெர்க்மான்ஸும் காதர் மீராவும்.
பிறவியிலேயே காது கேளாதவர்கள்.
பன்னிரண்டு வருடமாய் அதே மேசையாம்.
மின்விசிறிக்குக் கீழே இடமிருந்தும்
ஏன் அந்தப் புழுக்கத்தில் என்று
பத்தே முக்காலுக்குத் தெரிந்தது.
கரண்ட் போனது.
கடை பேசிக்கொண்டேதான் இருந்தது.
இருட்டிலேயே சால்னா கேட்டார்கள்,
இருட்டிலேயே ஐஸ் விலை பேசினார்கள்.
அந்த ஒரு மேசையில் மட்டும்
கதை பாதியில் அறுந்து கிடந்தது.

என் போனின் டார்ச்சைக்
காதர் மீராவின் கைகள்மேல் அடித்தேன்.
பிறகு மோனிஷா.
பிறகு ஐஸ் பெட்டி ஏற்றும் நம்புராஜன்.
சுவரில் பெரிதாய் இரண்டு கைகள்
ஒரு சிங்கி இறாலைத் தூக்கின,
நழுவவிட்டன, தேடின,
யாருடைய கைலிக்குள்ளிருந்தோ எடுத்தன.
பெர்க்மான்ஸ் முதலில் சிரித்தார்,
மேசையில் அறைந்து.
கடை பின்னால் சிரித்தது,
இறால் யாருடைய கைலியில் என்று தெரியாமலே.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
சிரித்தது முழுசாக.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பிவிட்டேன்.
பிடிக்காமல் இல்லை.
இரண்டு டீ குடித்திருந்தேன், அவ்வளவுதான்.
பஸ் நிறுத்தத்துக் கழிப்பறையை
ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள்,
சாவி யாரிடமென்று கேட்டால் சிரிப்பார்கள்.
ஆண்களுக்கு ஒரு மதில் போதும்,
அதுவும் இல்லாவிட்டால் கடல்.
எனக்கு இரவு என்றால்
முதலில் ஒரு கதவு.
அதில் தாழ்ப்பாள்.

போகும்போது சொன்னேன்,
மெதுவாக அல்ல, கடை முழுக்கக் கேட்க.
யாரோ இருமினார்கள்.
மரியான் மாவை உருட்டுவதை நிறுத்தாமல்
"பின்னாடி கொட்டாய்க்குக் கதவு வச்சிரலாம்.
எத்தனை அகலம்?" என்றார்.
அடி அங்குலம் எனக்கு வராது.
இரண்டு கைகளையும் விரித்துக்
காற்றில் பிடித்துக் காட்டினேன்,
சக்கரத்திலிருந்து சக்கரம்,
அதற்கு மேல் ஒரு சாண்.

முதலில் தலையாட்டியது
காதர் மீராதான்.