பதினைந்து லிட்டர்

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வருவார் என்றது குறுஞ்செய்தி.
நடுவே என்றால் பதினொன்று ஐம்பத்தெட்டு.

மாசிலாமணி. ஸ்கூடாயிலிருந்து
விடியுமுன் பாலம் கடந்தவர்.
காலணிகளை வாசலில் ஜோடி சேர்த்துவிட்டு
"மெயின் எங்கக்கா?" என்றார்.
வணக்கம் அதற்குப் பிறகுதான்.

ஒரு மணி நேரம், தொண்ணூறு வெள்ளி.
குளியலறையில் இருந்ததெல்லாம் கூடத்துக்கு வந்தது:
வாளி, ஷாம்பூ, கணவரின் மூன்று சவரக்கத்திகள்,
எதற்கு வாங்கினோம் என்று மறந்த பச்சைப் பிரஷ்.
வீடு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.
நான் சன்னலைப் பார்த்தேன்.

மின்சாரத்தை அடைத்தார், தண்ணீரை அடைத்தார்,
ஏணியில் ஏறிப் பொய்க்கூரையின் பலகையைத் தள்ளினார்.
இடுப்புவரை எங்கள் வீட்டில்,
இடுப்புக்கு மேல் நாங்கள் பார்த்தேயிராத இன்னொரு வீட்டில்.
அங்கிருந்து குரல் மட்டும் இறங்கியது.
"கடைசியா எப்பக்கா பார்த்தீங்க?"
இரண்டு வருடம், என்றேன்.
பல் மருத்துவரிடம் சொல்லும் அதே பொய்.
பதினொன்று.

தொட்டி காலியாகத் தொடங்கியது.
முதலில் தெளிவு. பிறகு தேநீர் நிறம்.
கடைசியில் ஒரு கைப்பிடி, மணல்போல் ஏதோ.
இதிலா குளித்தோம் என்று கேட்கவில்லை.
குளித்தோம்.

மெக்னீசியக் கம்பியை உருவிக் காட்டினார்.
கட்டைவிரல் பருமன் இருந்ததாம்;
இப்போது கொத்தமல்லித் தண்டு.
"தொட்டியைத் துரு தின்னாம இருக்க
இதைத் தின்னக் கொடுக்கிறதுக்கா"
என்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.
எல்லா வீட்டிலும் இந்த இடத்தில்
அக்காமார் ஒரு பெருமூச்சு விடுவார்களாம்.
நான் விடவில்லை. புதியது என்ன விலை என்றேன்.
முப்பத்தைந்து.

"இது உங்களுதா?"

பலகை இடுக்கிலிருந்து ஒரு கை,
கையில் நான்காய் மடித்த தாள்,
வருடங்களின் சூட்டில் அப்பளமாகியிருந்தது.
தொடக்கநிலை ஐந்து. அறிவியல். நூற்றுக்கு முப்பத்தொன்று.
அடியில் என் கையெழுத்து.
நான் போடாதது.

தர்ஷன் இப்போது தேக்கோங் தீவில், மொட்டைத்தலையோடு.
வாரக்கடைசியில் வந்ததும் பையைக்கூடப் போடாமல்
சுடுதண்ணிய போடும்மா என்கிறான்.
அதற்காகத்தான் இவரையே அழைத்தேன்.
பதினோரு வயதில்
கழிவறைப் பீங்கான்மேல் ஏறி, நுனிக்காலில் நின்று,
ஒரு கையால் பலகையைத் தூக்கியிருக்கிறான்.
விழுந்திருந்தால்?
எட்டு வருடம் பிந்தி வந்த பயம்,
வந்ததும் முழங்காலில் உட்கார்ந்துகொண்டது.

வெப்பம் எந்தத் திசையில் செல்லும்? ஏழாவது கேள்வி.
'மேலே' என்று எழுதியிருந்தான்.
அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி,
பக்கத்தில், 'சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு.'

மாசிலாமணி ஏணியிலிருந்தே எட்டிப் படித்தார்.
"தொட்டிக்குள்ள சூடு மேலதான் நிக்கும்.
குழாயே மேலேருந்துதான் எடுக்குது.
அரை மார்க்காவது போட்டிருக்கலாம்."

புதுக் கம்பி ஏறியது. தண்ணீர் நிறைந்தது.
குழாய் இருமி, காற்றைத் துப்பி, ஒரே சீராக ஓடியபிறகுதான்
சுவிட்சைத் தொட வேண்டும் என்றார்; இல்லாவிட்டால் சுருள் கருகிவிடும்.
காத்திருந்த நேரத்தில்,
"இங்க செம்பவாங்லயே வெந்நீர் ஊத்து இருக்கே,
அதுக்கு யாருக்கா சர்வீஸ் பண்றா?"
அவரே சிரித்துக்கொண்டார்.

பலகையை மூடுமுன் தாளை நீட்டினேன்,
அதே மடிப்பில்.
"வயர்கிட்ட காகிதம் ஆகாதுக்கா."
சற்று யோசித்தார். வாங்கி,
தொட்டிக்கு எதிர்மூலையில், சுவரை ஒட்டிச் செருகினார்.
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

நூற்று இருபத்தைந்து.
ரசீதில் விரல் வைத்து, இங்கே, என்றார்.
போட்டேன்.
அவன் போட்ட அளவுக்கு
என்னுடையது போல இல்லை.