குழியில் வந்த தேனீ

பதினோரு நகரங்களுக்குப் போயிருக்கிறேன்.
பதினொன்றிலும் பார்த்தது ஒரே இருட்டை.
ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்,
கிரீஸ் நாற்றம், தொங்கும் ஒற்றை பல்ப்,
தலைக்கு மேலே இரும்புக் கயிறு.
லிஃப்ட் பொருத்துகிறவனுக்கு
நேப்பிள்ஸும் அலெக்சாண்ட்ரியாவும்
ஆழத்தில்தான் வேறு வேறு.

தாம்பெரே திரும்பியதும் ராய்லி கேட்பாள்:
கடல் எப்படி இருந்தது?
ஒன்பதாம் மாடியில்
கொஞ்ச நேரம் நீலமாக இருந்தது என்பேன்.
பிறகு கதவை மாட்டிவிட்டேன்.

இஸ்மிரில், எழுபத்தெட்டில்,
வரைபடத்தில் பிழை.
குழி நாற்பது சென்டிமீட்டர் போதவில்லை.
மறுபடி தோண்டினார்கள்.
மூன்றாம் நாள் இல்யாஸ் மண்வெட்டியை நிறுத்தினான்.
கரிக்கட்டி போல ஏதோ.
எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தான்.
தேய்க்கத் தேய்க்க ஒரு தேனீ வந்தது.
இடது இறக்கை ஓரம்
பளிச்சென்று ஒரு புது வெட்டு.
அது அவன் மண்வெட்டி போட்டது.

என் உள்ளங்கையில் இருந்தது
ஒரு சிகரெட் தீரும் நேரம்.
எபேசஸ் காசு என்று யாரோ சொன்னார்கள்.
எனக்கு அதன் எடைதான் புரிந்தது:
ஒரு நல்ல போல்ட்டின் எடை.
அப்புறம் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார்.
அருங்காட்சியகம் என்றார்.
நோட்டில் எதையோ குறித்தார்.
ரசீது நான் கேட்கவில்லை.
யாரும் கேட்கவில்லை.
நவம்பரில் லிஃப்ட் ஓடியது.

வேலையை விட்டபின் வாங்கத் தொடங்கினேன்.
கோஸ் தீவின் நண்டு.
அங்கே என் சுண்டுவிரல் நசுங்கியது.
சிடே ஊரின் மாதுளை.
மூன்று மாதம் இருந்தேன், ஒரு மாதுளை தின்னவில்லை.
ஊர்களை இப்போதுதான் பார்க்கிறேன்,
நகக்கண் அளவில்,
நேசியார்வி ஏரி உறைந்து கிடக்கும் ஜன்னலோரம்.
ஆந்தை வாங்குங்கள், விலை ஏறும் என்பார் கடைக்காரர்.
ஏதென்ஸில் நான் லிஃப்ட் பொருத்தியதில்லை என்பேன்.
தாள் இல்லாத காசைத் தொடமாட்டேன்.
லிஃப்டுக்கும் சான்றிதழ் உண்டு.

இந்தப் பிப்ரவரியில் மியூனிக்கிலிருந்து ஏலப் பட்டியல்.
எண் இருநூற்றுப் பதினான்கு.
தேனீ.
படத்தில் அதற்கு என் உள்ளங்கை அளவு.
"பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து."
இடது இறக்கை ஓரம் வெட்டு.
கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன்.
அந்த வெட்டும் கறுத்திருந்தது.
இத்தனை வருடத்தில் அதுவும்
பழங்காலத்தோடு சேர்ந்துவிட்டது.

தேனீ எல்லாம் ஒரே மாதிரிதானே என்றாள் ராய்லி.
தேனீ, ஆமாம்.
மண்வெட்டி அப்படியில்லை.

கூரை மாற்ற வைத்திருந்த பணம் இருக்கிறது.
அதைத் தொடவில்லை.
ஏலக்காரர்களுக்கு இரண்டு வரி எழுதினேன்.
ஆவணங்கள் முறையாக உள்ளன என்று
கனத்த தாளில் பதில் வந்தது.
இஸ்மிருக்கும் எழுதினேன், என் உடைந்த ஆங்கிலத்தில்,
குழியின் ஆழத்தைக்கூடக் குறித்து.
அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.
இல்யாஸுக்கு எழுதலாம்.
அவனுடைய அப்பா பெயர், தெரு,
ஒன்றும் நான் கேட்டு வைக்கவில்லை.
சிகரெட் மட்டும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணி.
ராய்லி காப்பியை வைத்துவிட்டு
எதிரில் உட்கார்ந்தாள்.
பட்டியல் மேசையில் திறந்திருக்கிறது.
தொலைபேசி பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்நேரம் அந்த ஓட்டலில்
யாரோ பெட்டியும் கையுமாய்ப்
பொத்தானை அழுத்தியிருப்பார்.
கதவு மூடும்.
அவருடைய காலடிக்குக் கீழே
நாற்பது சென்டிமீட்டர் அதிக இருட்டு.
அவர் மேலே போய்க்கொண்டிருப்பார்.