யோகராணி கேஷுவல்

கோத்தகிரியில் மூன்று நாள் கரண்ட் இல்லாத ஒரு நவம்பரில்
அந்த எழுத்துகளை எழுதினேன்.
கட்டம் போட்ட தாள், கறுப்பு மார்க்கர்,
ஈரம் காயும் முன் உரசிவிடும் ஸ்வெட்டர் கை.
விரல் விறைத்துப்போய்
ழ-வின் வால் கொஞ்சம் நடுங்கியது.
திருத்தட்டுமா என்றேன்.
"விடும்மா, அதுதான் கை" என்றார் ஆல்துரை அண்ணன்.
கடை அவருடையது. எழுத்துருவுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

பிறகு என் கை மலை முழுக்க ஏறி இறங்கியது.
சாக்லேட் டப்பாவில் "வீட்டில் செய்தது"
(அருவங்காட்டு ஷெட்டில் மெஷின் செய்கிறது, அது வேறு).
தைல பாட்டிலில். வர்க்கி கவரில்.
ஹோம்ஸ்டே கதவில்
"ஷூவைக் கழற்றிட்டு வாங்க, தரை சில்லுனு இருக்கும்."
கட்டபெட்டு வளைவில்
"காட்டெருமைக்கு வழி விடுங்க, அதுக்கும் அவசரம்."
பேங்கில் சலான் நிரப்பினால்
"ஃபான்ட் மாதிரியே எழுதுறீங்களே" என்கிறார் கேஷியர்.
ஔ மட்டும் நாலு வருஷமாக
யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது.

அண்ணனுக்குச் சில கணக்குகள் உண்டு.
சாமி நோட்டீஸுக்குக் கட்டை எழுத்து.
அஞ்சலி போஸ்டருக்கும் அதேதான்:
"இது சாவு வீட்டுல சிரிக்கும்மா."
விலைப்பட்டியலுக்கும் கூடாது,
பார்த்ததும் பேரம் பேசத் தோன்றுமாம்.

ஃபைல் எந்த பென்டிரைவில் ஏறி
எங்கே இறங்கியதென்று எங்களுக்குத் தெரியாது.

போன செவ்வாய், பஸ் பஞ்சர்.
எஸ்டேட் ஆபீஸ் முன்னால் எல்லோரும் இறங்கி நின்றோம்.
நோட்டீஸ் போர்டில் இளமஞ்சள் தாள், மூலையில் ஒரு பூ,
நடுவில் என் கையெழுத்து:
"அன்புத் தொழிலாளர்களே!
இந்த மாதமும் சம்பளம் கொஞ்சம் லேட்டாகும்.
ஒத்துழைப்புக்கு நன்றி!"

"உன் எழுத்தாச்சே, ராணி" என்றாள் புஷ்பகாந்தி.
ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு.
என் நோட்டைப் பார்த்து எழுதியவள்,
அவளிடம் மறுக்க முடியாது.
இலைச்சாக்கை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

என்னிடம் இருந்தது ஒரே சாட்சி:
சம்பளம் என்ற சொல்லில் இரண்டு ம்.
விரல் வைத்துக் காட்டினேன்.
அதே சாய்வு. அதே வயிறு.
புள்ளியின் வலப்பக்கம் அதே பிசிறு.
"மனுஷி எழுதினா இப்படி அச்சா வருமா, காந்தி?"

அவள் குனிந்து பார்த்தாள்.
தெரிந்ததா, தெரியவில்லையா, சொல்லவில்லை.
மாற்று ம் ஒன்று வரைந்து சேர்க்க வேண்டும் என்று
நாலு வருஷமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.
நல்லவேளை, சோம்பேறி.
நல்லவேளையா?

தாளின் கீழ் ஓரத்தில்
யாரோ பால்பாயின்ட்டில் எழுதியிருந்தார்கள்:
எங்க சம்பளம்
முதல் ம் குண்டு.
இரண்டாவது, இடம் பற்றாமல்
பலகையின் மரச்சட்டத்தில் ஏறி நின்றது.
அதன் புள்ளியைப் பேனா அழுத்திய இடத்தில்
சட்டத்தின் பெயின்ட் பெயர்ந்திருந்தது.