மைனஸ் நாலு

பர்காவில் பதினோரு வருடம்
கடலோடுதான் எனக்கு வேலை.
குழாய்க்குள் வரும் கடல்.
கலங்கல் எவ்வளவு, உப்பு எவ்வளவு,
சொறிமீன் வந்து சல்லடையை அடைத்தால்
நள்ளிரவிலும் போன் அடிக்கும்.

அதன் மேல் மிதந்ததில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
தைமானியத் தீவுக்கு என் பெயரையும் சேர்த்துக்
கொடுத்துவிட்டான் சிக்கந்தர்.
ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு,
லைஃப் ஜாக்கெட்டில் யாருடையதோ வியர்வை.
கல்ஃபான் படகைத் திருப்பிய திருப்பில்
காலையில் தின்ற பரோட்டா தொண்டைவரை வந்து
யோசித்து, திரும்பிப் போனது.

தீவு என்றார்கள்.
கடல் கடித்து மிச்சம் வைத்த பாறை,
ஒரு கைக்குட்டை மணல்,
பறவைகள் பக்கம் போகாதே என்றொரு பலகை.

முகமூடி மாட்ட
மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமாம்.
சிக்கந்தர் கையில் கொடுத்துவிட்டுக் குதித்தேன்.

அதோ மஞ்சள், அதோ கோடு போட்டது,
எல்லோரும் கத்துகிறார்கள்.
எனக்கு
ஊறவைத்த வாளியில் சாயம் போகும் சட்டைகள்.

அப்போது ஒன்று
அவசரமே இல்லாமல் என்னை நோக்கி வந்தது.
முதலில் கரும்பச்சைக் கறை.
பிறகு ஓடு. ஓட்டில் ஒட்டிய சிப்பி.
ஒரு சாண் தூரத்தில்
கண்,
கண்ணோரச் சுருக்கம் வரைக்கும்.
என் பார்வை எதுவரை என்று
யாரோ அதற்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மேலே போய் மூச்சு விட்டது.
நானும்.

"என்னடா பார்த்தே?"
கண்ணாடியைத் துடைத்து நீட்டினான்.
வாயிலிருந்த கடலைத் துப்பினேன்.
உப்பு முப்பத்தொன்பதாயிரம் இருக்கும்
என்றேன்.