முகம் தெரியாதவள்

ப்ரெமர்ஹாஃபன், துறைமுகத்துக்குப் பின்தெரு.
முகம் தெரியாதவளாக இருப்பது என் வேலை.
மணிக்கு எட்டு மார்க், பேருந்துக் காசு தனி.

கதவைத் தட்டக் கூடாது.
உள்ளே வந்து ஒரு நிமிடம் வாய் திறக்கக் கூடாது.
அடுத்த நிமிடம் தாயோடு பேச்சு.
மூன்றாவதில் குழந்தையின் பக்கம் குனியலாம்,
அதற்குள் தாய் எழுந்து போய்விடுவாள்.
கண்ணாடிக்குப் பின்னால் கடிகாரம்,
பென்சில் சீவும் சத்தம்.

என்னைப் பார்த்து அழுதவர்கள்
இதுவரை நூற்றுப் பதினேழு.

இன்று டாமெ. பதின்மூன்று மாதம்.
அம்மா கேஷெ மீன் ஏலக்கூடத்தில் எடை எழுதுபவள்,
எவ்வளவு தேய்த்தும் போகாத வாடை விரல்களில்.
அவள் போனாள்.
அவன் அழவில்லை.
மர லாரியின் ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றினான்,
சுற்றினான்.
அவள் திரும்பி வந்து "டாமெ" என்றாள்.
அவன் நிமிரவில்லை.
சக்கரத்துக்கு அப்படியென்ன அவசரமோ.

விலகல் வகை, என்று குறித்துக்கொண்டார் டாக்டர் ஹின்ரிக்ஸ்.
இந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தானாம்;
தனியே தூங்கப் பழக்கினோம்,
விழுந்தால் தானே எழப் பழக்கினோம்,
மிச்சத்தைக் கடற்காற்று உலர்த்திவிடும் என்று
தேநீர் நேரத்தில் சிரித்தார்.

நான் தரையில் இருந்தேன், அவனுக்கு ஒரு முழம் தள்ளி.
காது மடல் சிவந்து கொதித்தது.
சக்கரம் ஈரமாக இருந்தது. எச்சில் இல்லை, உள்ளங்கை.
நடைவழியில் அவள் காலடி கேட்டபோது
சக்கரம் நின்றது.
அவள் உள்ளே வந்த பிறகு மறுபடி சுற்றியது.
அரை நொடி இருக்கும்.
ஒரு மூச்சை விழுங்க அது போதும்.

சொன்னேன்.
"அரை நொடிக்குக் கட்டம் கிடையாது, வீப்கெ"
என்றார், கோபமில்லாமல்.
அடுத்த குழந்தையின் பெயரை எழுதத் தொடங்கினார்.

மாலை, ஏழாம் எண் நிறுத்தம்.
மழை பக்கவாட்டில் அடிக்கிறது.
கேஷெயின் மேலங்கிப் பித்தான் டாமெயின் வாய்க்குள்.
அவள் பேருந்து நேரம் படிக்கிறாள்,
அவன் விடுவதாக இல்லை.
நூல் இழுபட்டு நிற்கிறது.

என்னைப் பார்த்தான்.
முகம் தெரியாதவள் முதலில் சிரிக்கக் கூடாது;
அது அந்த அறைக்குள் மட்டும்தான், இருந்தாலும்
குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

அவன் அழ ஆரம்பித்தான்.
பித்தான் நழுவ, வாய் முழுதும் திறந்து,
படகுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி.
கேஷெ பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள்,
இவன் இப்படிச் செய்கிறவன் இல்லை என்றாள்.

பரவாயில்லை, பரவாயில்லை என்றேன்.

நூற்றுப் பதினெட்டு.